மீசை மேலே ஒரு பூச்சி!

பிணம் நேராக உட்கார மாட்டேன் என்றது!

ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. தலையைத் தூக்கினால் தோள் நழுவியது.

"ஏம்ப்பா, அந்தக் கக்கத்துல ஒரு தலகாணியைச் செருகுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங்! நாடிக்கட்டை ரொம்ப இறுக்காதீங்க, கன்னம் உப்பித் தெரியும். மூக்குல இருக்குற பஞ்சை எடுங்க. பஞ்சோட எவன் செவுத்துல மாட்டுவான்?"

இப்படி அதிகாரம் செய்தவர் வெங்கடரமணன். மதுரையில் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். தொழிலில் சூரர். ஆனால் ஒரு குறை...

அவரிடம் படம் பிடித்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் படத்தைப் பார்த்ததே இல்லை.

பாவம், எப்படிப் பார்ப்பார்கள்? அத்தனை பேரும் செத்தவர்கள்!

1936-ஆம் வருஷத்து மதுரைச் சீமையில் அப்படித்தான். உயிரோடு இருப்பவனைப் படம் பிடித்தால் ஆயுசு காமிராப் பெட்டிக்குள் போய்விடும் என்று ஜனங்களுக்குப் பயம். கண்ணை மூடிவிட்டால் பயமில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, மாலையைப் போட்டு, வெங்கடரமணனுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். 'கைராசிக்காரர்' என்று அவருக்குப் பட்டம் வேறு!

இன்றைக்கு நாற்காலியில் இருப்பவர் கோச்சடை வெள்ளைத்துரை. வயது ஐம்பத்தைந்து. தோப்பும் கிணறுமாக வாழ்ந்த மனுஷர். எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம் போன்ற மீசை. நேற்று நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. நாடி பார்த்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

'இன்னும் விறைக்கக்கூட இல்லையே. நல்ல ஒத்துழைப்பான பிணம்' என்று வெங்கடரமணன் மனசுக்குள் பாராட்டினார்.

"கூட யாராச்சும் நிக்குறீங்களா? குடும்பப் படமா விழும்!"

கூட்டம் மொத்தமும் மூன்றடி பின்னால் போனது.

எல்லோரையும்விட அதிகம் பின்வாங்கியவன் இறந்தவரின் தம்பி சோணைமுத்து.

"எங்க அண்ணனோட நிறுத்திக்கங்க! வெரசா ஆகட்டும். மூணு மணிக்குத் தூக்கணும். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கொள்ளி வச்சாகணும்!"

இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்?

தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள் மனைவி தங்கப்பொண்ணு. அழுது அழுது குரலே கட்டிவிட்டது.

வெங்கடரமணன் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். கண்ணாடியில் வெள்ளைத்துரை தலைகீழாகத் தொங்கினார். நெற்றிக் காசு... நாடிக்கட்டு... மல்லிகை மாலை... மீசை...

மீசைக்கு மேலே என்ன அது?

மாலைக்குள்ளிருந்து ஒரு பூச்சி ஊர்ந்து வந்து, மீசை மேல் ஏறி, மூக்குக்கு நேர் கீழே சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது!

"சே!" வெங்கடரமணன் வெளியே வந்து துண்டை ஓங்கினார்.

"நிறுத்தும்!!"

வீடே அதிர்ந்தது. அலறியது ஒரு வெள்ளைக்கார அம்மாள்!

மிஸ் ஆக்னஸ். ஸ்காட்லாந்து தேசம். ஊர் ஊராய்ப் போய்ப் பூச்சிகளைப் படம் பிடித்து, கையோடு கொண்டுவந்திருக்கும் தடிப் புத்தகத்தைப் புரட்டி, இது இன்ன ஜாதி என்று எழுதி வைப்பதுதான் அம்மாளுக்குப் பைத்தியம். இலங்கையில் அறுபது ஜாதியைப் பிடித்தாயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது காமிரா கடலுக்குள் விழுந்துவிட்டது. மதுரைக்கு வந்தவர் வெங்கடரமணனைக் காமிராவோடு ஒரு வாரத்துக்கு அமர்த்திக்கொண்டார். இன்று கோச்சடைத் தோப்பில் மரத்தில் ஒட்டிக் கிடக்கும் பூச்சிகளைப் படம் பிடிக்கக் கிளம்பிய வழியில்தான் சாவு வீட்டுக்காரர்கள் ஜட்காவை மறித்துவிட்டார்கள்.

தமிழ் பேசுவார். கொழும்பில் ஒரு பாதிரியாரின் மனைவி சொல்லிக் கொடுத்த தமிழ்.

"ஐயா! அந்த அந்துப்பூச்சியைத் தொடாதீர்! நான் இதுவரை கண்டிராத இனம்! அது அங்கேயே இளைப்பாறட்டும்!"

"அம்மா, அது செத்தவர் மீசைங்க!"

"மீசை எவருடையதாயினும் ஆகட்டும்!"

சோணைமுத்து குறுக்கே விழுந்தான். "போட்டோக்காரரே, விரட்டாதீங்க! எங்க அப்பன்தேன் பூச்சியா வந்து மகனைக் கூட்டிட்டுப் போக உக்காந்திருக்காரு!"

இரண்டு பேரிடம் மல்லுக்கட்ட முடியுமா? வெங்கடரமணன் லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!"

மூடியை மாட்டினார். முகமும் மாலையும் ஒரு கண்ணாடிப் பிளேட்டில். வேலை முடிந்தது.

பூச்சி பறந்துபோனது.

*

மத்தியானம் மூன்று மணி.

ஸ்டூடியோவில் மிஸ் ஆக்னஸ் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பிளேட்டைக் கழுவி, காயவைத்து, வெயிலில் ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்திருந்தார் வெங்கடரமணன்.

அம்மாளின் முகம் சுருங்கியது.

"ஐயா. நீர் பெட்டியை ஆட்டிவிட்டீர்."

"என்னது?"

"சிறகில் இரண்டு கோடா, மூன்று கோடா? இரண்டானால் ஒரு ஜாதி. மூன்றானால் வேறு ஜாதி. இங்கே எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. நீர் ஆட்டினீர்!"

வெங்கடரமணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு எதைச் சொன்னாலும் பொறுப்பார்!

"நானா? இருபது வருசமா எடுக்குறேன்மா! இங்க பாருங்க, நெத்திக் காசு. அதுல இருக்குற ராஜா தலை தெரியுதா?"

"தெரிகிறது."

"நாடிக்கட்டுத் துணியில இழை தெரியுதா?"

"தெரிகிறது."

"மாலையில ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாத் தெரியுதா? பொட்டி ஆடியிருந்தா அம்புட்டும் கலங்கியிருக்கணும்ல? ஒங்க பூச்சிதான் ஆடியிருக்கு!"

"பூச்சி ஆடினால் பூச்சி மாத்திரம் அல்லவோ கலங்கும்?" அம்மாள் கண்ணாடியை நகர்த்தினார். "இதோ... பூச்சியின் கீழே மீசையும் கலங்கியிருக்கிறதே!"

"மீசையா?"

"மீசையேதான். மூக்கின் கீழே மாத்திரம்."

வெங்கடரமணன் பூதக்கண்ணாடியைப் பிடுங்கினார்.

அம்மாள் சொன்னது நிஜம். மீசையின் இரண்டு நுனிகளும் ஊசி மாதிரி தெளிவு. மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே மட்டும் புகை அடித்த மாதிரி ஒரு கலங்கல்.

பிணம் அசையாது. அதனால்தான் பிணத்தின் படம் எப்போதும் தெளிவாக விழும். அவருடைய பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இருபது வருஷத்தில் ஒரு பிணத்தின் மீசைகூடக் கலங்கியதில்லை.

"காத்து அடிச்சிருக்குமோ?"

"காற்றடித்தால் நூல் இழையும் ஆடியிருக்குமே."

"அப்ப... மூக்குக்குக் கீழே மட்டும்... காத்து..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வெங்கடரமணன் படத்தைக் கையில் எடுத்தார்.

"அம்மா... அந்த மனுசன் மூச்சு விட்டிருக்காரு!"

சுவர்க்கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

நாலரைக்கு முன்னால் கொள்ளி!

*

"சிவனாண்டி! வண்டியைப் பூட்டு!"

சந்து முனையில் ஜட்காவில் கால் நீட்டிப் படுத்திருந்த சிவனாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"இப்பத்தேன்ணே குருதைக்குப் புல்லுப் போட்டேன்."

"வெள்ளைத்துரை சாகலைடா! உசுரோட எரிக்கப் போறாங்க!"

"யாரு சொன்னா?"

"பூச்சி!"

சிவனாண்டி இரண்டாவது கண்ணையும் திறந்தான். "என்னண்ணே... வெயில்ல தொப்பி போடாம அலைஞ்சீகளா?"

"மாப்ள, ஒன் கால்ல விழுறேன். கெளப்புடா!"

ஜட்கா பறந்தது. மாசி வீதி... ரயில் பாலம்... அரசரடி... எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசை!

"ஓரம் போங்கடா! ஓரம்! ஏய், பொணம் உசுரா இருக்கு, வழி விடு!"

வைக்கோல் வண்டிக்காரன் சிரித்தான். "இருந்தா அதுவே நடந்து வரட்டும்ப்பா!"

"ஐயா, இந்தக் குதிரையை ஒரு அடி அடியும்!" மிஸ் ஆக்னஸ் கத்தினார்.

"அடிக்கவா? பெத்த பிள்ளையக்கூட அடிப்பேன், இதை அடிக்க மாட்டேன் தாயி! நல்லா நாலு வார்த்தை சொன்னாப் போதும், ஓடும்!"

"அப்படியானால் நல்வார்த்தை சொல்லும்!"

"ஏ ராசாத்தி! எங்க அம்மால்ல? ஓடு கண்ணு!"

சிரிக்காதீர்கள். குதிரை ஓடத்தான் ஓடியது!

வெங்கடரமணன் கையிலிருந்த படத்தையே பார்த்தார். எத்தனை பிணங்களை நிமிர்த்தி உட்கார வைத்திருப்பார்! ஒரு தடவையாவது மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருப்பாரா? இன்றைக்கு இந்த மனுஷர் வெந்து போனால் அந்தப் பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"மூக்குல திரும்பப் பஞ்சு வச்சிருப்பாங்களேம்மா..."

"வாய் சற்றே திறந்திருந்தது. நான் கண்டேன். விசுவாசமாயிரும்!"

*

வைகைக் கரைச் சுடுகாடு. மணி நாலேகால்.

விறகுக்கு மேல் வெள்ளைத்துரை. நெஞ்சு வரை வறட்டி அடுக்கியாயிற்று. முகம் மட்டும்தான் பாக்கி. சோணைமுத்து தோளில் மண்பானையோடு சுற்றி வந்துகொண்டிருந்தான். பானையில் துளை... தண்ணீர் பீய்ச்சியது.

ஒரு சுற்று.

இரண்டு சுற்று.

மூன்றாவது சுற்றுக்குக் கால் எடுத்து வைத்தான்...

"நிறுத்துங்க!! உசுரு இருக்கு!!"

தோளிலிருந்த பானை தொப்பென்று விழுந்து உடைந்தது.

"யாருடா அவன்?" என்று முன்னால் வந்தவர் ஏட்டு முத்துக்கருப்பன். செத்தவருக்குச் சிநேகிதர். துக்கத்துக்கு வந்த இடத்திலும் இடுப்பில் விலங்கோடு வந்திருந்தார். பழக்கதோஷம்!

"ஏட்டய்யா! அவர் சாகலை! மீசை கலங்கியிருக்கு!"

"மீசை கலங்குனா?"

"படத்துலங்க! மூச்சு விட்டாத்தான் அப்பிடிக் கலங்கும்!"

சோணைமுத்து பாய்ந்தான். "கிறுக்குப் பய பேச்சைக் கேக்காதீங்க! பாடை ஏறுனவரை எறக்குனா ஊருக்கே ஆகாது! குடுங்கய்யா கொள்ளியை!"

"சோணை, எதுக்குடா இம்புட்டு அவசரம்?" ஏட்டின் கண் இடுங்கியது.

"பானை ஒடஞ்சிருச்சு ஏட்டய்யா! ஒடஞ்ச பெறகு நிக்கப்படாது!"

கொள்ளிக்கட்டை அவன் கைக்கு வந்தது. திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினான்...

"யோவ்! அந்தம்மா எங்க போகுது? பொம்பளை சுடுகாட்டுக்குள்ள... ஐயய்யோ!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

மிஸ் ஆக்னஸ் சிதை மேல் ஏறிவிட்டார்!

கவுனில் வறட்டித் தூள். ஒரு கையால் மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். மறு கையால் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். பூச்சிகளை மயக்குவதற்கு அம்மாள் வைத்திருக்கும் அமோனியா. மூடியைத் திறந்தால் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் கண்ணில் நீர் வரும். அதை நேராக வெள்ளைத்துரையின் மூக்குக்குக் கீழே வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

சோணைமுத்துவின் கையில் கொள்ளி புகைந்தது. ஏட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு தடவை.

ஒன்றும் இல்லை...

வெங்கடரமணன் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி... சாமி... ஒரே ஒரு மூச்சு..."

மூன்றாவது தடவை!

"ஹா... ஹா... ஹாச்ச்ச்!!!"

வறட்டிகள் பறந்தன. சிதை சரிந்தது. கூட்டம் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. முதலில் வைகை மணலைத் தொட்டவர் சங்கு ஊதுகிறவர். சங்கை விட்டுவிட்டு ஓடியிருந்தார்.

மிஸ் ஆக்னஸ் வெள்ளைத்துரையின் இமையை விலக்கிப் பார்த்தார்.

"கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கிவிட்டது. என் தகப்பனார் வைத்தியர், நான் அறிவேன். இது அபினி! தூங்க விடாதீர்கள்! பிடித்து நடத்துங்கள்! கடுங்காப்பி கொண்டு வாருங்கள்!"

அபின்!

ஏட்டு முத்துக்கருப்பனின் மீசை துடித்தது. அப்படியானால் இது கொலை முயற்சி!

*

சுடுகாட்டில் பிணத்துக்கு நடை பழக்கிய காட்சியைக் கோச்சடை அன்றுதான் பார்த்தது.

ஒரு பக்கம் வெங்கடரமணன், ஒரு பக்கம் சிவனாண்டி. நடுவில் வெள்ளைத்துரை. கால் பின்னியது, தலை ஆடியது, "விடுங்கடா, தூக்கம் வருது..." என்று வாய் குழறியது.

சேதி கேட்டுத் தங்கப்பொண்ணு ஓடி வந்தாள். பொம்பளை வரலாமா கூடாதா என்று கேட்க அங்கே யாருக்கும் வாயில்லை. கையில் காப்பித் தூக்கு. ஓடி வந்த வேகத்தில் பாதி கீழே சிந்தியிருந்தது.

"மச்சான்! ஏ மச்சான்! என்னையப் பாரு!"

ஊற்றினாள். மூன்று டம்ளர் உள்ளே போனது. நாலாவது டம்ளரில் ஏட்டு குறுக்கே கையை நீட்டினார்.

"அந்தக் காப்பியிலயும் எதையாச்சும் கலந்திருக்கியா தங்கப்பொண்ணு?"

"என்ன ஏட்டய்யா பேச்சு இது?"

"நேத்து ராத்திரி சோறு போட்டது யாரு?"

"நாந்தேன்."

"பாலு காச்சிக் குடுத்தது?"

"நாந்தேன்!"

"அபின் கலந்தது?"

தங்கப்பொண்ணு காப்பித் தூக்கைக் கீழே வைத்தாள். சோணைமுத்து சட்டென்று, "மதினியைச் சொல்லாதீங்க ஏட்டய்யா!" என்றான்.

"அப்ப நீயா? எரிக்கிறதுக்கு நீதேன் பறந்த!"

"சாமி சத்தியமா பசி ஏட்டய்யா! எழவு வீட்டுல ஒலை வைக்கலையே! எரிச்சாத்தேன் சோறு! காலையிலருந்து பச்சத் தண்ணிகூடப் பல்லுல படலை!"

அவன் வயிறு கடமுடவென்று சாட்சி சொன்னது. ஏட்டு அவனை விட்டார்.

விலங்கு தங்கப்பொண்ணுவின் பக்கம் திரும்பியது.

"முப்பது வருசம்," என்றாள் அவள். "இந்த மனுசனுக்கு ஒரு தலைவலின்னா நான் சுருண்டு படுத்திருக்கேன். காலையில இவரு போயிட்டாருன்னு சொன்னப்பவே நானும் பாதி போயிட்டேன். மாட்டுங்க! மாட்டிக் கூட்டிட்டுப் போங்க! எம் புருசன் பொழச்சிட்டாரு, அது போதும் எனக்கு!"

ஏட்டு விலங்கை விரித்தார்.

"ஏட்டு... அவள விடு."

குரல் வந்த திசையில் எல்லோரும் திரும்பினார்கள்.

வெள்ளைத்துரையின் கண்கள் இரண்டும் திறந்திருந்தன!

"நண்பா! பேசு! ஒனக்கு அபின் குடுத்தது யாரு? பேரைச் சொல்லு, தோலை உரிச்சிருவேன்!"

"நாந்தேன்."

"நீ... நீதான்னா?"

"விடியுமுன்ன நானே தின்னேன். கடுகளவு போதும்னாங்கெ. மூக்கு அரிச்சா அசஞ்சிருவேனோன்னு பயந்து... சுண்டைக்காயளவு போட்டேன்."

"ஏன்யா? ஒனக்கு என்ன குறை? சாகுறதுக்கு?"

"எவன் சாகப் போறான்?" வெள்ளைத்துரைக்குக் கோபம் வந்தது. அவர் கண் கூட்டத்தில் எதையோ தேடியது. பக்கத்தில் தாங்கி நின்ற வெங்கடரமணனிடம் வந்து நின்றது. முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது.

"போட்டோக்காரரே... படம் நல்லா விழுந்துச்சா?"

வெங்கடரமணன் வாயைப் பிளந்தார்.

"மூணு வருசமாக் கேக்குறேன்யா இவகிட்ட! எம் மீசைக்கு ஒரு படம் வேணும், செவுத்துல மாட்டி நானே உக்காந்து பாக்கணும்னு! விட்டாளா? 'உசுரோட எடுத்தா ஆயுசு போயிரும், செத்தாத்தேன் எடுக்கலாம்'னா. சரி, செத்தேன்! படம் எடுத்ததும் எந்திரிச்சு உக்காரலாம்னு பாத்தா... இந்தப் பாழாப்போன தூக்கம் விடலை!"

ஏட்டு விலங்கை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மிஸ் ஆக்னஸ் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். 'மதுரை. ஜாதி தெரியவில்லை. அமர்ந்த இடம்: உயிருள்ள மனிதனின் மீசை.'

வெங்கடரமணன் படத்தை நீட்டினார். வெள்ளைத்துரை அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா... கண்ணு மூடியிருக்கு? மீசையில என்ன அழுக்கு? இதையா மாட்டுறது? இன்னொண்ணு எடுங்க!"

தங்கப்பொண்ணு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கண்ணைத் துடைத்தாள். மெதுவாக நடந்து போய், சரிந்த சிதையிலிருந்து நல்ல வைரம் பாய்ந்த விறகாக ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள்.

"எடுங்கண்ணே," என்றாள் வெங்கடரமணனிடம். "இந்தத் தடவை மீசைகூட அசையாது. அதுக்கு நான் பொறுப்பு!"